ஆவணத்தை பாட் எழுதட்டுமா, கத்தட்டுமா?

மார்ச் 3, வந்த கேள்வி

"பைதானில் ஒரு சின்ன லைப்ரரியும் அதோடு ஒரு கமாண்ட் லைன் கருவியும் பராமரிக்கிறேன். ஆவணம் ஸ்பிங்க்ஸில் (ஆவணப் பக்கங்களை உருவாக்கும் கருவி) இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஒரு மாலை முழுக்கப் போய்விடுகிறது. ஏபிஐ பக்கங்களை (பிற நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்களின் விவரம்) மறுபடி உருவாக்க வேண்டும், ஹெல்ப் செய்தியை நகலெடுத்து ஒட்ட வேண்டும், செட்டிங்ஸ் அட்டவணையைத் திருத்த வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. இதையெல்லாம் சிஐ (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடிச் சோதிக்கும் இயந்திரம்) தானே செய்து தானே கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டுவிட்டால் என்ன? அப்படி வைத்திருப்பவர்கள் உண்டா?"

மார்ச் 3, இரவு

வைத்திருந்தேன். இப்போது இல்லை.

என் கட்சி இதுதான்: பாட் (தானாக வேலை செய்யும் நிரல்) எழுதக் கூடாது, கத்த மட்டும் வேண்டும். சிஐயில் ஆவணத்தை மறுபடி உருவாக்கு. ரெப்போவில் (நிரலை வைத்திருக்கும் கிடங்கு) இருப்பதோடு ஒப்பிடு. ஒரு எழுத்து வேறுபட்டாலும் சிவப்பு காட்டி நின்றுவிடு. நிரலை மாற்றிய ஆள் தன் கணினியில் ஒரே ஒரு கட்டளையை ஓட்டி, வந்ததைக் கண்ணால் பார்த்து, அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) சேர்த்து அனுப்பட்டும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு இரவு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பின் சிஐ) தானாகக் கொடுக்கும் டோக்கனை (அனுமதிச் சாவி) வைத்து புஷ் செய்தால் (மாற்றத்தை ரெப்போவுக்கு அனுப்பினால்) அந்த புஷ் இன்னொரு ஓட்டத்தைத் தொடங்காது. சுற்றிச் சுற்றி ஓடாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதே பூட்டால் பாட் திறக்கும் புல் ரிக்வெஸ்டில் சோதனைகளும் தாமாக ஓடாது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. என் சொந்த டோக்கனைப் போட்டுப் பூட்டை உடைத்தேன். என் ஸ்கிரிப்ட்டோ ஒவ்வொரு கோப்பின் தலையிலும் "உருவாக்கிய நேரம்" என்று ஒரு வரி எழுதும். ஆக ஒவ்வொரு ஓட்டத்திலும் கோப்பு மாறும், மாறினால் கமிட், கமிட் என்றால் மறுபடி ஓட்டம். காலையில் எழுந்து பார்த்தால் 212 கமிட். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: "ஆவணம் புதுப்பிக்கப்பட்டது". கடிகாரத்தைத் தவிர எதுவும் புதுப்பிக்கப்படவில்லை.

மார்ச் 4

ஒப்பிடுவது எப்படி என்று கேட்டிருக்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை. உருவாக்கும் கட்டளையை ஓட்டிவிட்டு, கிட் டிஃப்பை (வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) எக்ஸிட் கோட் விருப்பத்தோடு கூப்பிட்டால் போதும். வேறுபாடு இருந்தால் 1 திருப்பும், சிஐ நிற்கும்.

மார்ச் 4, ஒரு மணி நேரம் கழித்து

மேலே சொன்னது பாதிதான் சரி. கிட் இன்னும் கண்காணிக்காத புதுக் கோப்புகளை டிஃப் பார்க்காது. புது மாட்யூல் ஒன்று சேர்த்து அதன் பக்கத்தை கமிட் செய்ய மறந்தால், சிஐ அந்தப் பக்கத்தை உருவாக்கும், டிஃப் "வேறுபாடு இல்லை" என்று சொல்லும், பச்சை விழும். பிடிக்க வேண்டிய தவறு எதுவோ அதுவே நழுவிப்போகும். எனவே முதலில் எல்லாவற்றையும் கிட் ஆட் செய்துவிட்டு, ஸ்டேஜ் ஆனதை (கமிட்டுக்குத் தயாராக வைத்ததை) ஒப்பிடுங்கள். இல்லையென்றால் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையின் போர்சலின் (ஸ்கிரிப்ட் படிக்க ஏற்ற) வடிவ வெளியீடு காலியா என்று பாருங்கள்.

இது எனக்குப் புத்தியால் தெரிந்தது அல்ல. மூன்று மாட்யூல்கள் ஆவணமே இல்லாமல் வெளியான பிறகு தெரிந்தது.

மார்ச் 6

"கத்தும்" வழியை எடுத்துக்கொண்டால் முதல் வாரம் முழுக்கப் பொய்க் கத்தல்தான் கேட்கும். நிரல் மாறியிருக்காது, ஆவணம் மட்டும் மாறும். ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு வரும்வரை இந்த முறை நிற்காது. நான் துரத்திப் பிடித்தவை இவை.

நேரம். இதைப் பற்றி அழுதாகிவிட்டது. ஆனால் நம் ஸ்கிரிப்ட்டில் எடுத்துவிட்டால் மட்டும் போதாது, கருவிகள் தாமாகச் சேர்க்கும் தேதிகளும் உண்டு. ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் குழுவினர் இதற்கென்றே 'சோர்ஸ் டேட் எபக்' என்று ஒரு சூழல் மாறியை வகுத்தார்கள். அதில் ஒரு நேரத்தைக் கொடுத்தால், அதை மதிக்கும் கருவிகள் கடிகாரத்தைப் பார்க்காமல் அதையே இன்றைய தேதியாக எடுத்துக்கொள்ளும். ஸ்பிங்க்ஸ் மதிக்கும். நான் கடைசி கமிட்டின் நேரத்தைக் கொடுக்கிறேன்.

வரிசை. செட்டிங்ஸ் அட்டவணையை உருவாக்கும் என் ஸ்கிரிப்ட், பெயர்களை ஒரு செட்டில் (வரிசை இல்லாத தொகுப்பு) போட்டு அப்படியே சுற்றியது. பைதான் 3.3 முதல் சரங்களின் ஹேஷ் (சரத்துக்கு உள்ளே கணக்கிடும் அடையாள எண்) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், அதோடு செட்டின் வரிசையும் மாறும். ஹேஷ் விதையை நிலையாக வைத்தும் தப்பிக்கலாம். ஆனால் நேர்மையான வழி, எழுதும் முன் வரிசைப்படுத்துவது. ஒரே ஒரு சொல் சேர்த்தேன், அட்டவணை அடங்கியது.

அகலம். இதுதான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. ஆர்க்பார்ஸ் (கமாண்ட் லைன் விருப்பங்களைப் படிக்கும் பைதான் மாட்யூல்), ஹெல்ப் செய்தியைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப மடிக்கும். என் திரை அகலமானது, சிஐக்குத் திரையே கிடையாது, அதனால் 80 என்று வைத்துக்கொள்ளும். நான் உருவாக்கினால் ஒரு மடிப்பு, சிஐ உருவாக்கினால் வேறு மடிப்பு. இரண்டு பேரும் மாறி மாறித் "தவறு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 'காலம்ஸ்' என்ற சூழல் மாறியை இரண்டு இடத்திலும் 80 ஆக்கியதும் சண்டை ஓய்ந்தது. (நம் காலம் இல்லை, நெடுவரிசை. குழுவில் ஒருவர் இதையும் நேரப் பிரச்சினை என்று நினைத்துத் தேதிகளைத் தேடிக்கொண்டிருந்தார்.)

பதிப்பு. பைதான் 3.10இல் ஆர்க்பார்ஸ் ஹெல்ப்பில் இருந்த "ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்ஸ்" என்ற தலைப்பு வெறும் "ஆப்ஷன்ஸ்" ஆனது. ஒருவரிடம் 3.9, இன்னொருவரிடம் 3.10 இருந்தால் முடிந்தது கதை. ஆவணம் உருவாக்க எந்தப் பைதான் என்று ஒன்றை முடிவுசெய்து எல்லோரும் அதையே ஓட்ட வேண்டும்.

மார்ச் 6, பிற்பாடு

"இவ்வளவு செய்வதற்குக் கையாலேயே எழுதிவிடலாமே" என்று ஒருவர். உண்மைதான். கையால் எழுதினால் இந்தப் பிரச்சினை ஒன்றும் வராது, ஆவணம்தான் வராது.

மார்ச் 9

பச்சை டிக்கை நம்பாதீர்கள் என்று சொல்ல வந்தேன்.

ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் நம் மாட்யூலை உண்மையிலேயே இம்போர்ட் செய்துதான் டாக்ஸ்ட்ரிங்குகளை (நிரலுக்குள்ளேயே எழுதிய விளக்கங்களை) எடுக்கிறது. இம்போர்ட் தோற்றால் அது பிழை இல்லை, வெறும் எச்சரிக்கை. பில்ட் வெற்றிகரமாக முடியும். பக்கமும் உருவாகும், உள்ளே தலைப்பு மட்டும் இருக்கும்.

எங்களிடம் ஒரு மாட்யூல் எண்கணக்கு லைப்ரரி ஒன்றைச் சார்ந்திருந்தது. ஆவணம் உருவாக்கும் இயந்திரத்தில் அது நிறுவப்படவில்லை. ஐந்து வாரம் அந்த ஏபிஐ பக்கம் காலியாகக் கிடந்தது. பில்ட் ஒவ்வொரு நாளும் பச்சை. கடைசியில் சொன்னது ஒரு பயனர்: "இந்த மாட்யூலை எடுத்துவிட்டீர்களா?"

எச்சரிக்கையைப் பிழையாக்கும் விருப்பம் ஸ்பிங்க்ஸ் பில்டில் உண்டு, பெரிய டபிள்யூ. ஸ்பிங்க்ஸ் 8.1 முதல் அது முதல் எச்சரிக்கையிலேயே நிற்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தோற்கும், அதற்கு முந்தைய பதிப்புகளில் இதற்கு 'கீப் கோயிங்' சேர்க்க வேண்டும். பழைய திட்டத்தில் இதைப் போட்டால் முதல் நாள் நூற்றுக்கணக்கில் கொட்டும். பயப்படாமல் ஒரு வாரம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் உடைந்த குறுக்குச்சுட்டிகளும் தவறான உள்தள்ளலும்தான். நிறுவ முடியாத சார்புகளுக்குப் போலி மாட்யூல் வைக்கும் அமைப்பும் ஆட்டோடாக்கில் இருக்கிறது. ஆனால் அதைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். போலியை அடிப்படையாக வைத்த கிளாஸின் ஆவணமும் போலியாகத்தான் வரும்.

மார்ச் 9, இன்னும் ஒன்று

காலிப் பக்கத்தின் எதிர்ப்பக்கம் பேய்ப் பக்கம். ஸ்பிங்க்ஸ் ஏபிஐடாக் மாட்யூலுக்கு ஒரு கோப்பு என்று உருவாக்கித் தரும். மாட்யூலை நீக்கினால் கோப்பை நீக்காது. போதாததற்கு, ஏற்கெனவே இருக்கும் கோப்பை, வற்புறுத்தும் விருப்பம் கொடுத்தால் ஒழிய மாற்றியும் எழுதாது. நான் உருவாக்கும் முன் அந்த ஃபோல்டரையே அழித்துவிடுவேன். முரட்டு வழி, ஆனால் தவறியதில்லை. ஸ்பிங்க்ஸ் 8.2 முதல் பழையவற்றை நீக்க ஒரு விருப்பமே வந்துவிட்டது. பழக்கதோஷம், நான் இன்னும் அழிக்கத்தான் செய்கிறேன்.

மார்ச் 13

"உருவாக்கப்படும் கோப்பை எதற்கு கமிட் செய்ய வேண்டும்? பில்டின்போது உருவாக்கி வெளியிட்டுவிட்டுத் தூக்கி எறியலாமே?" நல்ல கேள்வி. இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது.

முன்பு நானும் அப்படித்தான் சொல்வேன். உருவாக்க முடிந்ததை ரெப்போவில் வைக்காதே என்பது பாலபாடம். எச்டிஎம்எல் பக்கங்களைப் பொறுத்தவரை இன்றும் அதேதான், ஒன்றையும் கமிட் செய்வதில்லை. ஆனால் மூன்று கோப்புகளை மட்டும் விதிவிலக்காக வைத்திருக்கிறேன்: ஹெல்ப் செய்தி, செட்டிங்ஸ் அட்டவணை, வெளியே தெரியும் ஃபங்ஷன்களின் கையொப்பப் பட்டியல். மூன்றும் வெறும் எழுத்துக் கோப்புகள்.

காரணம் ஆவணமே இல்லை. ஒருவர் உள்ளே எங்கோ நாலு வரி மாற்றுகிறார். புல் ரிக்வெஸ்டைப் பார்ப்பவருக்கு அது சாதாரண மாற்றம். ஆனால் அட்டவணைக் கோப்பில் "மறுமுயற்சி: 3" என்பது "மறுமுயற்சி: 5" ஆகியிருப்பது டிஃப்பில் தனியாகத் தெரிந்தால், பயனர் கண்ணுக்குத் தெரியும் ஏதோ ஒன்று மாறுகிறது என்று உடனே புரியும். ஆவணம் எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. என் அனுபவத்தில் இந்த மூன்று கோப்புகளும் வாசகருக்கு உதவியதைவிட, நிரலைச் சரிபார்ப்பவருக்கு உதவியதே அதிகம்.

மார்ச் 4 அன்று "எல்லாவற்றையும் ஒப்பிடு" என்பதுபோல எழுதிவிட்டேன். இந்த மூன்றை ஒப்பிட்டால் போதும். மற்றது உருவாகிறதா, எச்சரிக்கை இல்லாமல் உருவாகிறதா, அவ்வளவுதான்.

மார்ச் 14

இடையில் ஒரு கிளைக்கதை. எல்லாப் பக்கத்தின் அடியிலும் "கடைசியாக மாற்றியது" தேதி காட்ட ஆசைப்பட்டேன். தேதியை கிட் வரலாற்றிலிருந்து எடுத்தேன். என் கணினியில் அழகாக வந்தது. வெளியிட்டால் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தேதி, இன்றைய தேதி. ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (ரெப்போவை இயந்திரத்துக்கு எடுத்துவரும் படி) இயல்பாகக் கடைசி ஒரு கமிட்டை மட்டுமே எடுக்கும். வரலாறே இல்லாத இடத்தில் எந்தக் கோப்பைக் கேட்டாலும் அந்த ஒரே கமிட்டைத்தான் காட்டும். ஆழத்தை 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும். டேக்கிலிருந்து (கமிட்டுக்கு இட்ட பெயர்) பதிப்பு எண் எடுப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள், டேக்குகளும் வராது.

சரிசெய்தேன். பிறகு அந்தத் தேதியையே எடுத்துவிட்டேன். ஏன் என்று இன்னொரு நாள்.

மார்ச் 15

கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப்பின் இணையப் பக்கச் சேவை) பிரான்ச்சிலிருந்து வெளியிட்டு, பக்கம் நிறமும் வடிவமும் இல்லாமல் வெறும் எலும்புக்கூடாக வந்தால்: அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களை ஜெக்கில் (அங்கே பக்கங்களை உருவாக்கும் கருவி) ஒதுக்கிவிடும், ஸ்பிங்க்ஸின் அலங்காரக் கோப்புகள் எல்லாம் அப்படிப்பட்ட ஃபோல்டரில்தான் இருக்கின்றன. 'புள்ளி நோஜெக்கில்' என்ற காலிக் கோப்பு ஒன்றை வையுங்கள். அதை உருவாக்கித் தரும் நீட்சி ஸ்பிங்க்ஸோடே வருகிறது. இது கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனால் அடுத்து கேட்கப் போகிறீர்கள்.

மார்ச் 20

இதுவரை பேசியது இயந்திரத்துக்குத் தெரிந்த விஷயம்: பெயர், வகை, இயல்பு மதிப்பு. உண்மையில் வலிக்கும் இடம் மனிதர் எழுதிய பக்கங்கள். "எப்போது இதைப் பயன்படுத்தக் கூடாது", "இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது" போன்றவை. அதை எந்த ஜெனரேட்டரும் உருவாக்காது.

நான் செய்து பார்த்தது: எந்த நிரல் கோப்பு எந்த விளக்கப் பக்கத்தோடு தொடர்புடையது என்று ஒரு பட்டியல். கோப்பு மாறினால் பாட் புல் ரிக்வெஸ்டில் வந்து "இந்தப் பக்கத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்கும். இரண்டு வாரம் எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் பார்க்கவில்லை. உள்ளே ஒரு மாறியின் பெயரை மாற்றினாலும் கேட்கும், ஒரு கமெண்ட்டைத் திருத்தினாலும் கேட்கும். புலி வருது கதைதான்.

எடுத்துவிடலாம் என்றிருந்தபோது 13ஆம் தேதி எழுதியது நினைவுக்கு வந்தது. கோப்பு மாறினால் கேட்காதே, அந்த மூன்று கோப்புகளில் எது மாறினாலும் மட்டும் கேள். இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வாயைத் திறக்கிறது. திறந்தால் யாராவது போய்ப் பார்க்கிறார்கள்.

மார்ச் 21

எடுத்துக்காட்டு நிரல்களைப் பற்றி ஒருவர் கேட்டார். ஆவணத்துக்குள் நிரலை ஒட்டாதீர்கள். ஓடக்கூடிய கோப்பாகத் தனியே வைத்து, அதைச் சோதனையில் ஓட்டி, ஆவணத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பைதானில் டாக்டெஸ்ட் (ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டை ஓட்டிச் சோதிக்கும் மாட்யூல்) 2001இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது, சிறு துண்டுகளுக்கு அது போதும். ஜாவாக்காரர்களுக்கு ஜாவா 18இல் ஸ்னிப்பெட் டேக் வந்தது, அதிலும் வெளிக் கோப்பின் ஒரு பகுதியைப் பெயர் சொல்லி இழுக்கலாம்.

பெயர் சொல்லி என்பதுதான் முக்கியம். நான் வரி எண் சொல்லி இழுத்தேன், 1 முதல் 14 வரை. ஒருவர் எல்லாக் கோப்பின் தலையிலும் உரிமக் குறிப்பைச் சேர்த்தார். எங்கள் முதல் பாடம், "இதுதான் உங்கள் முதல் நிரல்" என்று சொல்லிவிட்டுப் பதினான்கு வரி உரிமத்தைக் காட்டியது. சோதனை எல்லாம் பச்சை. எக்ஸ்அன்ட்ரா இல்லை, நிரலும் சரியாகத்தான் ஓடியது.

மார்ச் 21, திருத்தம்

கடைசி வாக்கியத்தில் "பிழை எதுவும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "எக்ஸ்அன்ட்ரா" என்று ஏதோ விழுந்திருக்கிறது. தானாகத் திருத்தும் விசைப்பலகையின் வேலை. தானியக்கம் பற்றிய குறிப்பில் அது நடந்ததால் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

ஏப்ரல் 2

முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் விழுங்க வேண்டியிருக்கிறது. ஒரு இடத்தில் பாட் எழுதுவதுதான் சரி.

2022 மார்ச்சில் ஜின்ஜா (ஸ்பிங்க்ஸ் சார்ந்திருக்கும் வார்ப்புருக் கருவி) 3.1 வந்தது. நீண்ட நாளாக விலக்கப்போவதாகச் சொல்லிவந்த சில பெயர்களை அதில் எடுத்துவிட்டார்கள். பழைய ஸ்பிங்க்ஸ் அந்தப் பெயர்களை இம்போர்ட் செய்துகொண்டிருந்தது. நான் ஸ்பிங்க்ஸின் பதிப்பை மட்டும் கட்டிவைத்திருந்தேன், அது சார்ந்திருந்தவற்றை அவிழ்த்துவிட்டிருந்தேன். ஒரு வரியும் மாற்றாமல் ஒரு காலையில் பில்ட் விழுந்தது. தவறு முழுக்க என்னுடையது.

எல்லாவற்றையும் கட்டிவைத்தால் விழாது, ஆனால் அங்கேயே கிழடாகிவிடும். எனவே இப்போது எல்லாப் பதிப்பும் பூட்டுக் கோப்பில். டிபெண்டபாட் (புதுப் பதிப்புகளைத் தேடும் கிட்ஹப்பின் பாட்) ஒவ்வொன்றாக ஏற்றிப் புல் ரிக்வெஸ்ட் திறக்கிறது. ஆவண பில்ட் அதன்மேல் ஓடுகிறது. மூன்று கோப்புகளும் மாறாமல் பச்சை வந்தால் நான் மெர்ஜை அழுத்துவேன். பாட் எழுதியதுதான், ஆனால் நேராக மெயினில் (முதன்மைக் கிளையில்) எழுதவில்லை. அந்த 212 இரவில் குறைந்தது இந்த ஒரு பொத்தானாவது நடுவில் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 3

ஏஐ மாடலை வைத்து டாக்ஸ்ட்ரிங் எழுதவைப்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செய்து பார்த்தேன். என்னைவிட நன்றாக எழுதியது. 'டைம்அவுட்' என்ற அளவுருவுக்கு "நொடிகளில்" என்று போட்டிருந்தது. எங்களுடையது மில்லிநொடி. பெயரைப் பார்த்து ஊகித்திருக்கிறது. நானும் வாசித்துவிட்டு, மொழி அவ்வளவு தெளிவாக இருந்ததால், நம்பி விட்டுவிட்டேன். இப்போது அதை எழுதச் சொல்வதில்லை. "இந்தப் பக்கத்துக்கும் இந்த நிரலுக்கும் எங்கே முரண்" என்று கேட்கிறேன். பாதி பதில் வீண், மீதிப் பாதி பயனுள்ளது.

ஏப்ரல் 11

இணைப்புகள் செத்துவிட்டனவா என்று பார்க்கும் லிங்க்செக்கைப் புல் ரிக்வெஸ்டில் வைக்காதீர்கள். யாரோ ஒருவருடைய தளம் ஐந்து நிமிடம் படுத்தால் உங்கள் வேலை நிற்கும். வாரம் ஒருமுறை தனியாக ஓடட்டும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கால அட்டவணை ஓட்டங்களை கிட்ஹப் நிறுத்திவைக்கும். என் பொழுதுபோக்குத் திட்டம் ஒன்றில் அது நின்று எத்தனை மாதமானது என்று நானே கவனிக்கவில்லை. கத்தாமல் இருப்பதால் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 6

கேட்டவர் எழுதியிருக்கிறார். மூன்று கோப்புகளை வைத்து ஒப்பிடத் தொடங்கிவிட்டாராம். அகலப் பிரச்சினையில் அவரும் ஒரு நாள் சுற்றியிருக்கிறார், நான் மேலே எழுதியிருந்தும். இரண்டாவது வாரமே, ஒரு விருப்பத்தின் இயல்பு மதிப்பு யாருக்கும் தெரியாமல் மாறவிருந்ததைப் பிடித்துவிட்டதாம். "கடைசியாக மாற்றியது" தேதியை ஏன் எடுத்தேன் என்றும் கேட்டிருக்கிறார், நான் சொல்லவே இல்லை.

ஒருவர் எழுத்துப்பிழை திருத்தினாலும் அந்தத் தேதி புதிதாகும். வாசகர் அதைப் பார்த்து உள்ளே இருப்பதெல்லாம் புதிது என்று நினைப்பார். அதற்குப் பதில் "கடைசியாக ஒரு மனிதர் முழுக்கப் படித்து, சொன்னபடி செய்து பார்த்த தேதி" என்று ஒன்றைப் பக்கத்தின் தலையில் கையால் எழுதுகிறோம். இயந்திரம் அதைத் தொடாது. ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் பட்டியலில் மட்டும் காட்டும்.

இதை எழுதும்போது அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் எங்கள் நிறுவல் பக்கம். அதில் இன்னும், கைவிடச் சொல்லிவிட்ட பழைய முறையான 'செட்டப் டாட் பை இன்ஸ்டால்' ஓட்டச் சொல்லியிருக்கிறது. எச்சரிக்கை இல்லை, உடைந்த இணைப்பு இல்லை, இத்தனை நாளும் பச்சை. உட்கார்ந்து திருத்தப் போகிறேன்.